சும்மாதானே இருந்தது

ஈரத்தோடு பாலிதீன் பைக்குள் போட்டு, பையின் வாயை முறுக்கி, இரண்டு முடிச்சு போட்டு வைத்திருக்கிறான் மகன். ஒரு முடிச்சு போதாதாம். ஜவுளிக்கடைப் பை, உள்பக்கமெல்லாம் தண்ணீர் முத்து முத்தாகப் பூத்து நிற்கிறது, நடுவில் ஸ்பீக்கர் மூச்சு முட்டிக் கிடக்கிறது. முடிச்சு நகத்துக்கு வரவில்லை. பல்லால் கடித்துக் கிழித்தேன். எழுபது வயதில் அலமாரி முன்னால் நின்று பையைப் பல்லால் கிழிக்கிறேன், பின்னால் நாற்காலியில் ரெஜினா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். பத்து மணி அவளுக்குப் பாட்டு நேரம். நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பி, விளங்காத வலது கையைத் தலையணைமேல் எடுத்து வைத்து, இரண்டு கால் பாதமும் தரையில் சமமாக ஊன்றியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அலமாரியைத் திறந்தால் நடுத்தட்டில், அவளுடைய பட்டுப்புடவைகளுக்குப் பக்கத்தில், காடாத்துணிப் பைக்குள் காய்ந்து சுத்தமாக அது இருக்க வேண்டும். பையை நான்தான் அளவு கொடுத்துத் தைத்து வாங்கினேன். உள்ளே ஈரம் இழுக்கிற பொட்டலம் ஒன்று, புதுச் செருப்பு டப்பாவில் கிடக்குமே, அது. தூத்துக்குடிக் காற்று சாதாரணக் காற்றில்லை, ஜன்னல் கம்பியை மூன்று வருஷத்தில் தின்றுவிடும். காடாப் பை எங்கே. தேடினேன். கட்டிலுக்கடியில் கிடக்கிறது, பேத்தியின் சிப்பிகள் அதற்குள். சிப்பி பொறுக்கிப் போட என் பை, ஸ்பீக்கருக்கு ஜவுளிக்கடைப் பை. எந்தப் பொருளுக்கு எந்தப் பை என்றுகூடத் தெரியாத ஒருவனை நான் இன்ஜினீயருக்குப் படிக்க வைத்திருக்கிறேன்.

பொத்தானை அழுத்தினேன். ஒன்றுமில்லை. நிறுத்தி, விரலைத் துடைத்துக்கொண்டு, மறுபடி அழுத்திப் பத்து எண்ணும்வரை பிடித்தேன். அழுத்தியதும் சின்னதாக இரண்டு சுரம் ஏறி நிற்கும், அந்தச் சத்தம் கேட்டதும் ரெஜினாவின் இடது கை தானாக மடியை விட்டு எழும்பும். இன்றைக்குக் கை எழும்பி, பாதியில் நின்று, இறங்கிவிட்டது. சத்தம் வராமலே எழுந்த கை. என் முதுகைப் பார்த்தே இப்போது அழுத்துகிறேன் என்று கண்டுபிடித்திருக்கிறாள். “இரு ரெஜினா, சார்ஜ் இல்ல போல,” என்றேன். சார்ஜ் இருந்தது. வியாழக்கிழமை நானே பாதிக்கு ஏற்றி வைத்தேன். முழுக்க ஏற்றியும் வைக்கக் கூடாது, சுத்தமாக இறங்கவும் விடக் கூடாது, பாதியில் நிறுத்தி வைத்தால்தான் பேட்டரி கெடாது. இதெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, பெட்டிக்குள் எறும்பு எழுத்தில் ஒரு தாள் இருந்தது, பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். படித்து, பெரிய எழுத்தில் தமிழில் எழுதி, அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். உபயோகம் முடிந்ததும் அணைக்கவும். காய்ந்த துணியால் துடைத்து, ஈரம் போனபின் மட்டும் பையில் இடவும். சார்ஜ் குத்தும் வாயின் ரப்பர் மூடியை அழுத்தி மூடவும். வெயிலிலும் அடுப்பருகிலும் காருக்குள்ளும் வைக்கக் கூடாது. மேலே கனம் ஏற்றக் கூடாது. அந்தச் சீட்டுக்கு நேர் கீழே, ஒரு சாண் தள்ளி, அந்தப் பையை வைத்துவிட்டுப் போயிருக்கிறான். படித்துக்கொண்டேதான் வைத்தானோ.

போன் போட்டேன். நேற்று மூட்டை கட்டுகிற அமளியில் சாயங்காலப் பாட்டே விட்டுப்போனது. ராத்திரி ரயில் ஏறினவன், இந்நேரம் சென்னையில் வேலைக்கே போயிருப்பான். எடுத்தான். “ஆல்பன், என்னத்தலே செஞ்சு வச்சிருக்க,” என்றேன். “என்னப்பா, இப்பதான் ஆபீசுக்குள்ள வர்றேன்.” “ஸ்பீக்கரு.” “ஓ, அதா. மணப்பாடு பீச்சுல மணல் ஒட்டிருச்சுப்பா. நல்லா கழுவித்தான் வச்சேன்.” “கழுவுனியா.” “குழாயில காட்டினேன். அது வாட்டர் ப்ரூஃப்தான, ஒண்ணும் ஆகாது.” “மூடி தெறந்து கெடக்கு.” “எந்த மூடி?” எந்த மூடி. ஒரு வீட்டில் நான்கு நாள் இருந்து, ஒரு பொருளை எடுத்து, கடலுக்குக் கொண்டுபோய், உப்புக்காற்றில் வைத்து, குழாயில் காட்டி, கட்டி வைத்துவிட்டு வந்தவன் கேட்கிறான், எந்த மூடி. “எங்கிட்டக் கேட்டியாலே எடுக்கதுக்கு முன்னால,” என்றேன். “நேத்து மத்தியானம் நீங்க தூங்கிட்டு இருந்தீங்கப்பா. அது சும்மாதானே இருந்துச்சு. புள்ள பாட்டுப் போட்டு ஆடணும்னா.” “சும்மா இருந்துச்சா.” “அப்பா, அம்மாதான் எடுத்துட்டுப் போகச் சொன்னாங்க. அலமாரியப் பாத்துக் கையைக் காட்டினாங்க.” “அம்மா கை எதையும்தான் காட்டும்.” “இல்லப்பா, நல்லாத்தான் காட்டினாங்க, சிரிச்சாங்க. சரி விடுங்க, வேற ஒண்ணு ஆர்டர் போட்டுர்றேன், நாளைக்கே வந்துரும். இதுக்குப் போய்.” வைத்துவிட்டேன். இதுக்குப் போய். அந்த வாக்கியத்தை அவன் முடிக்கவில்லை, நானும் முடிக்க விடவில்லை, அது அறைக்குள் தொங்கிக்கொண்டிருக்கிறது.

பழைய பல் பிரஷ் ஒன்றை எடுத்துவந்து ஸ்டூலில் துணி விரித்து உட்கார்ந்தேன், ரெஜினாவுக்கு முதுகைக் காட்டி, ஜன்னல் வெளிச்சம் கையில் விழும்படி. முதலில் உதறினேன். சார்ஜ் வாயைக் கீழே பார்க்கப் பிடித்து உள்ளங்கையில் தட்டினால் ஒரு சொட்டு, இரண்டு சொட்டு, அப்புறம் மணல். வலைத்துணிக்குள் மணல் ஒவ்வொரு கண்ணிலும் உட்கார்ந்திருக்கிறது. அதை விரலால் தேய்த்தால் உள்ளே போகும், காய்ந்த பிரஷால் ஒரே திசையில் மெல்லத் தள்ளினால்தான் வெளியே வரும். வெயிலில் வைக்கக் கூடாது. முடி காய வைக்கிற மெஷினைக் காட்டக் கூடாது. இன்றைக்கு முழுக்க சார்ஜ் குத்தவே கூடாது, ஈரத்தில் கரண்ட் போனால் அதோடு முடிந்தது. போன் அடித்தது, மருமகள் ஷைனி. “மாமா, அரிசி டின்னுக்குள்ள போட்டு வைங்க, ஈரத்த இழுத்துரும்.” சரிம்மா என்றேன். அரிசி. அரிசி மாவு அந்த வலைக்குள் போய் உட்கார்ந்துகொண்டால் யார் எடுப்பது. முப்பத்திரண்டு வருஷம் ஒரு நூற்பாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்தவனுக்கு அரிசி டின் யோசனை. பேரிங்கை எண்ணெய்த் தாளில் சுற்றிப் படுக்கப் போட்டுத்தான் வைப்பேன், நிற்க வைத்தால் ஒரே பக்கம் பாரம் இறங்கும். பெல்ட்டை ஆணியில் மாட்ட விடமாட்டேன், மாட்டின இடத்தில் மடிப்பு விழும், ஓடும்போது அந்த மடிப்பில்தான் அறும். ரப்பர் வளையத்துக்கு வெளிச்சம் ஆகாது. மெஷினில் ஓடித் தேய்கிற பொருளைவிடக் கண்ட இடத்தில் போட்டுக் கெடுகிற பொருள்தான் அதிகம், இதை நான் எத்தனை ஃபிட்டருக்குச் சொல்லியிருப்பேன். என் முதுகுக்குப் பின்னால் சிரிப்பான்கள். கருத்தையா என்ற ஃபிட்டர் ஒருநாள் என் காதுபடவே சொன்னான், ஸ்டோர் அய்யா பொண்டாட்டியையும் எண்ணெய்த் தாளில் சுத்தித்தான் வச்சிருப்பாரு என்று. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்து ரெஜினாவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. எண்ணெய்த் தாள்னாலும் மெத்துன்னு இருக்கும் என்று சொல்லிவிட்டு உலையில் அரிசியைப் போட்டாள். அப்போது அதை நான் வேடிக்கைப் பேச்சு என்றுதான் எடுத்துக்கொண்டேன். இப்போது எதற்கு அது ஞாபகம் வருகிறது. பிரஷை ஊதினேன். “ந்தா,” என்றாள் பின்னாலிருந்து.

அவளிடம் இருப்பது அந்த ஒரு சொல்தான். சொல் என்றுகூடச் சொல்ல முடியாது. தண்ணீர் என்றாலும் ந்தா, வலிக்கிறது என்றாலும் ந்தா, மருமகள் நல்ல புடவை கட்டியிருக்கிறாள் என்றாலும் ந்தா. ஏற்ற இறக்கத்தை வைத்து நான் கண்டுபிடிக்க வேண்டும், பெரும்பாலும் கண்டுபிடித்துவிடுவேன். இது பாட்டு எங்கே என்று கேட்கிற ந்தா. “இரு, காயட்டும்,” என்றேன் திரும்பாமல். மறுவாழ்வு மையத்தில் சுபத்ரா என்று ஒரு பெண், பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவள், அவள்தான் எட்டு மாதத்துக்கு முன் சொன்னாள், ஐயா, பேச்சு போன வழியில பாட்டு போகல, பாட்டுக்கு வழி வேற, தினமும் பாட வைங்க, இடது கையால தாளம் போட வைங்க, பாட்டுல வர்ற சொல்லைக் கொஞ்சங் கொஞ்சமா பேச்சுக்கு இழுத்துட்டு வந்துரலாம். நான் நம்பவில்லை. போனில் ஒரு பழைய பாட்டைப் போட்டேன், தகரம் தட்டுகிற மாதிரி இருந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நானே பாடினேன், அதற்கும் முகத்தைத் திருப்பினாள், அது நியாயம். பிறகுதான் இதை வாங்கினேன். மடியில் வைத்து, அவள் உள்ளங்கையை எடுத்து அதன்மேல் வைத்து, பாட்டை ஓடவிட்டேன். கைக்கடியில் அது அதிர்ந்தது. இரண்டாவது அடியில் அவள் வாயைத் திறந்து பாடினாள். முழுச் சொல், எழுத்து பிசகாமல், கோயில் பாடகர் குழுவில் முப்பது வருஷம் பாடின அதே கணீர்க் குரல். ஆஸ்பத்திரியில் அழாத நான் சமையல்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். பாட்டு முடிந்தது. “ரெஜினா, எப்படி இருக்கு,” என்று கேட்டேன். “ந்தா,” என்றாள். எட்டு மாதமாக அப்படித்தான். பாட்டில் நீர் வரும், நிலா வரும், கண்ணே வரும், பாட்டு நின்றதும் எல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விடும். ஒரு சொல்கூட இந்தப் பக்கம் தாண்டி வரவில்லை. ஆனால் வரும். சுபத்ரா வரும் என்கிறாள். ஒருநாள் விட்டாலும் வழி தூர்ந்துபோகும் என்கிறாள். ஒருநாள் விட்டாலும். ஆல்பனுக்கு இது தெரியும். போனில் இருபது தடவை சொல்லியிருக்கிறேன். ஆமாப்பா, சூப்பர்ப்பா என்பான்.

நான்கு நாள் இருந்தான். அதில் அவளோடு உட்கார்ந்தது எவ்வளவு நேரம். பக்கத்தில் குனிந்து, அம்மா சாப்டீங்களா என்று கத்துவான், காதில் கோளாறு உள்ளவளிடம் பேசுகிற மாதிரி. அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும். எல்லாம் புரியும். போன மாதம் வந்த சொந்தக்காரன் ஒருத்தன் அவளை வைத்துக்கொண்டே என்னிடம், எத்தன நாளைக்கு இப்படி என்று கேட்டான், அன்றைக்கு ராத்திரி அவள் சாப்பிடவில்லை. சும்மாதானே இருந்துச்சு. அணைத்து, துடைத்து, பையில் போட்டு, இடம் பார்த்து வைத்திருப்பதற்குப் பெயர் சும்மா இருப்பதா. நாளைக்கு வேண்டும் என்றுதான் ஒரு பொருளை எடுத்து வைக்கிறோம். வேண்டாம் என்றால் எறிந்துவிட்டுப் போவோமே. இவன் ஊருக்கு வந்தால் செருப்பைக் கழற்றின இடத்தில் விடுவான், வாடகைக் காரைச் சாவியோடு விடுவான், அம்மாவை என்னிடம் விட்டுவிட்டு ரயில் ஏறுவான். இல்லை, இது அநியாயம், அவன் மாதாமாதம் வருகிறான், மருந்தெல்லாம் அவன்தான் அனுப்புகிறான், அங்கே வந்து இருங்கள் என்று கெஞ்சினான், நான்தான் போகவில்லை. அநியாயம் என்று தெரிந்தும் கோபம் குறையவில்லை. கோபத்துக்குத் தீனி வேண்டும், பிரஷ் நுனியில் மணல் வரவர அது தின்றுகொண்டிருக்கிறது. கையைக் காட்டினாளாம், சிரித்தாளாம். இவள் எதற்குக் காட்ட வேண்டும். இது அவளுக்காக வைத்திருப்பது. எனக்கா வைத்திருக்கிறேன். பேத்தி ஆடணும் என்றதும் எடுத்துக்கொடுத்துவிடுவாள், எப்போதும் அப்படித்தான், இருக்கிற இடத்திலிருந்து எடுப்பாள், எடுத்த இடத்தில் வைக்கமாட்டாள், தீப்பெட்டி, ஊசி நூல், டார்ச், நகவெட்டி. வேண்டாம். அதற்குள் போக வேண்டாம். பேட்டரி உப்பியிருக்கிறதா பார். அடிப்பாகத்தைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். ஒரு பக்கம் லேசாகத் தூக்கியிருக்கிற மாதிரி இருக்கிறது. முன்பே அப்படித்தானா. தெரியவில்லை. முப்பத்திரண்டு வருஷம் ஸ்டோரில் இருந்துவிட்டு, தினமும் கையில் எடுக்கிற பொருளின் அடி தட்டையா மேடா என்று தெரியவில்லை. “ந்தா,” என்றாள். “இருன்னு சொன்னேன்லா,” என்றேன்.

நகவெட்டி மேஜை டிராயரில் இடது பக்கம் இருக்க வேண்டும். பதினோரு மாதத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதரை, அது அங்கே இல்லை. கட்டைவிரல் நகம் உடைந்து துணியில் மாட்டிக்கொண்டே இருந்தது. ரெஜினா அடுப்பங்கரையில் நின்றிருந்தாள். எங்க வச்ச என்றேன். அவள் திரும்பவில்லை. ஏட்டி, உங்கிட்டத்தான் கேக்கேன். அவள் ஏதோ முனகினாள். முனகாம சொல்லு என்றேன். மறுபடி முனகினாள், வாயில் வெற்றிலை அடக்கினவள் பேசுகிற மாதிரி. அதைக் கிண்டல் என்று நினைத்தேன். முந்தின நாள் ஒரு சின்னச் சண்டை, அதை மனசில் வைத்துக்கொண்டு முகத்தைக் காட்டுகிறாள் என்று நினைத்தேன். அவள் கையிலிருந்து கரண்டி விழுந்தது. கரண்டியைப் போடுகிறாள் பார், திமிர் என்று நினைத்தேன். நாற்பத்திமூன்று வருஷமாக ஒரு பொருளை எடுத்த இடத்தில் வைக்கத் தெரியாத பொம்பளை என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். பத்து நிமிஷம் இருக்கும். அவள் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்று என்னைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள், பதில் சொல்லவில்லை, பதில் சொல்லாமல் பார்த்தது எனக்கு இன்னும் ஏறியது, சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன். பால் வாங்கப் போனேன். பால் வாங்க எவ்வளவு நேரம் ஆகும், நான் முக்கால் மணி நேரம் சுற்றினேன், கோபத்தை ஆற்றிக்கொண்டு, டீ குடித்துக்கொண்டு. திரும்பி வந்தபோது அவள் தரையில் கிடந்தாள், கண் திறந்திருந்தது. டாக்டர் கேட்டார், எப்ப ஆரம்பிச்சது. நான் கடைக்குப் போயிருந்தேன் டாக்டர், வந்து பாத்தா இப்படி. இன்னும் கொஞ்சம் சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஆல்பன் என் தோளைப் பிடித்தான். நீங்க என்னப்பா செய்வீங்க, நீங்க வீட்லயே இல்லையே என்றான். அந்தக் கை இன்னும் என் தோளில் கிடக்கிறது. அதை எடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இது இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். ஒருத்தன் சொல்லமாட்டான், ஒருத்தியால் சொல்ல முடியாது. தினமும் பத்து மணிக்கும் சாயங்காலம் ஐந்து மணிக்கும் அவளைப் பேச வைக்க நான் உட்காருகிறேன், பாட்டு முடிந்து அவள் வாய் சொல்லைத் தேடித் துழாவுகிற அந்த ஒரு வினாடியில் நான் அவள் முகத்தைப் பார்க்காமல் பொத்தானைப் பார்த்துக்கொள்கிறேன். வழி திறந்தால் முதலில் எது வரும். அன்னைக்கு எனக்குப் பேச்சு போகும்போது இவர் என்னைத் திட்டிட்டு இருந்தாரு. அதுதான் வரும். பதினோரு மாதமாக உள்ளே அடைபட்டுக் கிடக்கிற சொல் அது ஒன்றாகத்தானே இருக்க முடியும். ஆல்பன் இருக்கும்போது வந்தால், சுபத்ரா இருக்கும்போது வந்தால். வரட்டும் என்று ஒருநாள் நினைப்பேன், வந்தால் விட்டது சனி என்று. மறுநாள் பாட்டுச் சத்தத்தை ஒரு புள்ளி குறைத்து வைப்பேன். ஆமாம், குறைத்து வைத்திருக்கிறேன். இந்த ஸ்பீக்கர் செத்துப்போனதைப் பார்த்ததும் கோபத்துக்கு முன்னால் ஒரு கண நேரம் வேறொன்று வந்ததே, அது என்ன. அதைத்தான் இவ்வளவு நேரமும் மணலோடு சேர்த்துத் தேய்த்துக்கொண்டிருக்கிறேனா. இல்லை. ஆல்பன்தான் காரணம். மூடியை மூடத் தெரியாதவன். எந்த மூடி என்று கேட்டவன். தீக்குச்சி முனையில் பஞ்சு சுற்றி சார்ஜ் வாய்க்குள் விட்டேன், பச்சையாகக் கொஞ்சம் ஒட்டி வந்தது. உப்பு பிடித்துவிட்டது, ஒரே நாளில். இன்னொரு பஞ்சு. “ந்தா, ந்தா,” என்றாள். “பாட்டு இல்ல ரெஜினா இன்னைக்கு. உம் மகன்கிட்டக் கேளு,” என்றேன். அவள் நாற்காலியின் கைப்பிடியைத் தட்டினாள். தட்டிக்கொண்டே இருந்தாள். எனக்கு ஏறியது. “இங்க பாரு, உனக்குத்தான் செஞ்சுட்டு இருக்கேன், இது காயணும், சார்ஜ் ஏத்தணும், ஒரு நாள் பூரா ஆவும், சும்மா தட்டிட்டே இருந்தா...”

“சவத்த விடுங்க.”

பஞ்சு சுற்றின தீக்குச்சி கையிலேயே இருந்தது. வெளியே காய்கறி வண்டிக்காரனின் சத்தம் போய்க்கொண்டிருந்தது, அவன் சொன்னதோ என்று ஒரு கணம் நினைத்தேன். திரும்பினேன். ரெஜினா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் வியர்வை. முகம் கோபத்தில் சிவந்து, இடது கை குளியலறைப் பக்கம் நீண்டிருந்தது, இடது முழங்கால் வலது முழங்காலை நெருக்கிக்கொண்டு நின்றது. எவ்வளவு நேரமாகக் கை நீட்டிக்கொண்டிருக்கிறாளோ. எழுந்தேன். மடியிலிருந்து ஸ்பீக்கர் உருண்டு தரையில் விழுந்து கட்டிலுக்கடியில் போயிற்று, அதை எடுக்கக் குனியவில்லை. கக்கத்தில் கை கொடுத்து அவளைத் தூக்கினேன், அவள் முழுப் பாரத்தையும் என்மேல் சாய்த்தாள், ஒவ்வொரு அடியாக, வலது காலை இழுத்து இழுத்து, குளியலறைக்குள் கொண்டுபோய், சேலையைச் சரிசெய்து, உட்கார வைத்தேன். நேரத்துக்குப் போய்விட்டோம், ஆனால் கொஞ்சம்தான் மிச்சம். கதவைப் பாதி சாத்திக்கொண்டு வெளியே சுவரில் சாய்ந்தேன்.

சவத்த விடுங்க. நாற்பத்திமூன்று வருஷம் ஒரு நாளைக்கு நான்கு தடவை கேட்ட வார்த்தை. பூட்டு சரியாக விழவில்லை என்று நான் பத்தாவது தடவை கதவைத் திறந்து மூடும்போது, தராசு முள் சாய்கிறது என்று கடைக்காரனிடம் நிற்கும்போது, கல்யாண வீட்டில் என் செருப்பை எவனோ மாற்றிப் போட்டுப் போனதற்கு நான் பந்தியில் உட்காராமல் நின்றபோது, சவத்த விடுங்க, வாங்க. எப்போது அதைக் கேட்டாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எந்தப் பாட்டிலும் வராத வார்த்தை. சுபத்ராவின் பட்டியலில் இல்லாத வார்த்தை. எட்டு மாதம் நிலாவையும் நீரையும் கண்ணையும் கெஞ்சிக் கூப்பிட்டேன், இது தானாக எழுந்து வந்திருக்கிறது, எரிச்சலில், கணீரென்று, மரியாதைக்கு ஒரு ‘ங்க’வும் சேர்த்துக்கொண்டு. “ரெஜினா, என்ன சொன்ன,” என்றேன் கதவிடுக்கு வழியாக. “இன்னொருக்கச் சொல்லு.” தண்ணீர்ச் சத்தம் மட்டும். அப்புறம் “ந்தா.” கதவைத் தள்ளிப் பார்த்தேன். கையைக் கழுவிவிட்டு ஈரக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள், துண்டுக்கு. துண்டு என் தோளில் கிடந்தது. எடுத்துக் கொடுக்கப் போன கையை நிறுத்திக்கொண்டேன். கொடுக்காமல் நின்றேன். அவள் துண்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “ந்தா,” என்றாள். நான் கேட்காத மாதிரி நின்றேன். இந்த வயதில் இப்படி ஒரு ஈனத்தனம். அவள் புருவம் சுருங்கியது, கழுத்து நரம்பு தெரிந்தது, ஈரம் விரல் நுனியிலிருந்து சேலையில் சொட்டியது, அவளுக்குக் கோபம் ஏற ஏற எனக்கு ஓடிவிடலாம் போல இருந்தது. ஓடவில்லை. நகவெட்டியைச் சொன்னாலும் சொல்லட்டும் என்று நின்றேன். அவள் வாயைத் திறந்தாள்.